கேம்பர்வேனா, காரும் காட்டேஜுமா? மார்கரெட் ரிவர் போகிறவனுக்கு யோசனை சொல்லுங்கள்

■ கட்டபெட்டு
மே மாதம் நம் ஊரில் இருக்க முடியாது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கோத்தகிரி மார்க்கெட் போய்த் திரும்பவே அரை நாள் போய்விடுகிறது. அதனால் இந்த முறை தேயிலைத் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மேற்கு ஆஸ்திரேலியா கிளம்புகிறோம். தங்கை குடும்பம் பெர்த்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில் மார்கரெட் ரிவர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவே காடு. படம் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

நான், மனைவி, பத்து வயது மகள், அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி. மனைவிக்கு ஒயின் ருசி பார்க்க ஆசை, எனக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். "படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேன் எடு, நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம், ஓட்டல் செலவு மிச்சம்" என்கிறார் மச்சான். அது உண்மைதானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

■ பெர்த்தில் ஒரு கொடைக்கானல்காரன்
நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்குவதை முதலில் மறந்துவிடுங்கள். அந்த வட்டாரத்தில் சாலையோரத்திலோ கடற்கரை பார்க்கிங்கிலோ வண்டியில் இரவு தங்கக் கூடாது. உள்ளாட்சியின் ரேஞ்சர் வந்து கண்ணாடியைத் தட்டி அபராதச் சீட்டு கொடுப்பார். விளம்பரப் படங்களில் பாறை உச்சியில் தனியாக ஒரு வேன் நிற்குமே, அப்படி இரவில் நிற்க முடியாது.

நிற்க முடிந்த இடங்கள் இரண்டு வகை. ஒன்று கேரவன் பார்க், வண்டியோடு கட்டணம் கட்டித் தங்குகிற வளாகம். மின் இணைப்பு, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், பொதுச் சமையலறை எல்லாம் இருக்கும். பல இடங்களில் சின்னக் கேபின்களும் உண்டு. இன்னொன்று லூவின்–நேச்சுரலிஸ்ட் தேசியப் பூங்காவின் முகாம்கள். கான்டோஸ் முகாம் பெரியது, காட்டுக்குள் இருக்கிறது, கடலும் பக்கம். ஆனால் மின்சாரம் கிடையாது, குளிக்க வசதி கிடையாது, குழிக் கழிப்பறைதான். குடிதண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும். எதுவானாலும் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

செலவும் பெரிதாக மிச்சமாகாது. வேன் வாடகை, காப்பீடு, எரிபொருள், பார்க் கட்டணம் எல்லாம் சேர்த்தால் காரும் காட்டேஜும் ஆகிற அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வேனுக்கு வேறு நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்புகிறேன்.

■ கூடலூர் வண்டி
வெளிநாட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? நம் மலையில் இல்லாத காடா? நாலு பேர் படுக்கிற மாதிரி ஒரு டெம்போ டிராவலரை மாற்றிக்கொண்டு அவலாஞ்சி, கோடநாடு, மசினகுடி என்று சுற்றினால் முடிந்தது.

■ லவ்டேல்வாசி
இரவில் எங்கே நிறுத்துவீர்கள் அண்ணா? மசினகுடியில் சாலையோரம் நிறுத்தினால் காலையில் வண்டியை யானை எந்தப் பக்கம் புரட்டிப் போட்டது என்றுதான் பார்க்க வேண்டும். தெப்பக்காட்டுக்கு அப்பால் பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தே இல்லை. ஊட்டி–மசினகுடி கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு, வெளிமாவட்ட வண்டி ஏறலாம், இறங்கக் கூடாது.

■ கூடலூர் வண்டி
என் வண்டி டிஎன் 43, நீலகிரிப் பதிவு. நான் இறங்குவேன்.

■ லவ்டேல்வாசி
நீங்கள் இறங்குவீர்கள். வாடகைக்கு எடுக்கிற சென்னைக்காரர் என்ன செய்வார்? 2024 மே 7 முதல் நமக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே கட்டிவிட்டது. இதற்கு மேல் படுக்கையோடு வண்டி வந்தால் அந்தக் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வார்கள்? ஊட்டி ஏரியிலா? அதற்கு ஒரு இடம் கட்டாமல் கேரவன் சுற்றுலா என்று பேசுவதே தப்பு.

■ பெர்த்தில் ஒரு கொடைக்கானல்காரன்
எங்கள் கொடைக்கானலில் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிக்கு 2024 நவம்பரிலிருந்து தடை. கேம்பர்வேன் அவ்வளவு நீளம் இல்லை என்றாலும், பெருமாள்மலையில் பழனி ரோடும் வத்தலகுண்டு ரோடும் சேருகிற இடத்தில் சனிக்கிழமை மாட்டினால் எந்த வண்டியும் ஒன்றுதான்.

■ நெறியாளர்
இ-பாஸ் பற்றித் தனி இழை இருக்கிறது. கேட்டவர் ஆஸ்திரேலியா போகிறார், அவரைக் கவனிப்போம்.

■ குன்னூர் டீச்சர்
ஒயின் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்த பழக்கம், கணக்குப் போடாமல் இருக்க முடியாது.

அங்கே ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05, அதாவது 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 30 மில்லிகிராம். "வெளிநாட்டில் தாராளமாக இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம், அங்கே எந்தச் சாலையிலும் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்வார்கள். 13 சதவீத ஒயின் 100 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். அதைத்தான் அவர்கள் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தோட்டத்து விற்பனைக் கூடத்தில் ருசிக்கு ஊற்றுவது 20, 30 மில்லிதான். ஆனால் ஐந்தாறு வகை வரிசையாக வரும். ஒரே இடத்தில் ஒன்றரை டிரிங்க் உள்ளே போய்விடும். அடுத்தடுத்து இன்னும் இரண்டு தோட்டம் போனால் சாவியை மனைவியிடம் கொடுக்க வேண்டியதுதான். அவரும் ருசி பார்த்திருந்தால்?

துப்பிவிடலாம், அதற்கென்றே மேசையில் பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். என் சிபாரிசு வேறு. ஒயினுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி அன்று சுற்றுலா மினிபஸ்ஸில் போய்விடுங்கள். வேன் பார்க்கிலேயே நிற்கட்டும்.

■ கம்பம் பந்தல்
திராட்சை என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் கம்பம், ஆனால் கல்யாணம் செய்தது கொடைக்கானல் மன்னவனூரில், அதனால் மலைக்காரர்களின் இந்தக் குழுவில் எனக்கும் உரிமை உண்டு.

கட்டபெட்டுத் தம்பி, நம் தோட்டத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். நம்முடையது பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் வகை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி பின்னி, தலைக்கு மேல் பந்தல். நமக்கு உறைகிற குளிர்காலம் இல்லாததால் கொடி தூங்காது. கவாத்து செய்கிற நேரத்தை மாற்றி மாற்றி, ஏதோ ஒரு தோட்டத்தில் எப்போதும் காய் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறோம். அங்கே வருடத்துக்கு ஒரே அறுவடை, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள். கொடி இடுப்புயரக் கம்பியில் வரிசையாக ஓடும். மே மாதம் போனால் பழம் இருக்காது, இலை மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருக்கும். கவாத்து ஜூனுக்கு மேல். குழந்தை பழம் பறிக்கலாம் என்று ஆசைப்பட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அங்கே திராட்சை போட ஆரம்பித்ததே நேற்றுதான் என்று சொல்லலாம். 1960களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி அந்தப் பகுதியின் மண்ணையும் தட்பவெப்பத்தையும் ஆராய்ந்து, ஒயின் திராட்சைக்கு இது ஏற்ற இடம் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு டாம் கல்லிட்டி என்ற பெர்த் இதய மருத்துவர் 1967இல் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தை நட்டார். பிறகு வந்தவர்களிலும் மருத்துவர்கள் உண்டு. மூன்று பக்கமும் கடல் இருப்பதால் கோடையில் கொதிக்காது, குளிரில் உறையாது. கேபர்னே சாவினியோனும் ஷார்டனேயும் அங்கே பேர் வாங்கியதற்கு அதுதான் காரணம்.

சில்வர்ஐ என்று ஒரு சின்னக் குருவி இருக்கிறது, பழுக்கிற நேரத்தில் கூட்டமாக வந்து கொத்திவிடும். கல்லிட்டி அதை விரட்ட ஒரு வல்லூறைப் பழக்கினாராம். முதல் தடவை அவிழ்த்துவிட்டதும் அது பறந்தே போய்விட்டது. அந்தத் தோட்டத்து லேபிளில் இன்றைக்கும் அந்தப் பறவைதான். இப்போது வலை போடுகிறார்கள். காட்டில் மாரி மரம் நன்றாகப் பூத்த வருடம் குருவி தேன் குடிக்க அங்கே போய்விடும், தோட்டக்காரனுக்கு நிம்மதி. நமக்குக் கிளி, அவர்களுக்கு இது.

■ அருவங்காடு பென்ஷனர்
நான் குடிப்பதில்லை. மகன் கூட்டிப்போனான், பிடித்துவிட்டது. கரி (karri) என்ற மர இனத்தின் காட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வேறு எதுவும் பேசவில்லை. போரனப் என்ற இடம். வழவழவென்று வெளுத்த அடிமரம், நேராக வானத்துக்கு, அறுபது மீட்டர் உயரம்கூட இருக்கும். அதுவும் யூகலிப்டஸ் இனம்தான். நூறு வருடத்துக்கு முன்னால் வெட்டித் தீர்த்த காடு, பிறகு தானாக எழுந்து வந்தது என்று பலகையில் போட்டிருந்தார்கள்.

நம் கற்பூர மரமும் சீகையும் (வாட்டில் மரம்) சில்வர் ஓக்கும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். வெள்ளைக்காரன் விறகுக்கென்று கொண்டுவந்து நட்டான், இங்கே சோலையையும் புல்வெளியையும் தின்றுவிட்டது. சிறு வயதிலிருந்து அந்த மரத்தைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன் நான். அதன் சொந்த ஊரில், கீழே புதரும் பூவும் பறவையுமாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அதன்மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது. இங்கே அதை வெட்ட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

■ கூடலூர் வண்டி
ஐயா சொன்னதைப் படித்த பிறகு எனக்கே போக ஆசை வந்துவிட்டது. சரி, ஓட்டுவதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். மலை ஏறுகிறவனுக்கு வழி விட வேண்டும், இறக்கத்தில் இரண்டாவது கியர் என்று பழகிய நமக்கு அங்கே எப்படி?

■ பெர்த்தில் ஒரு கொடைக்கானல்காரன்
வந்துவிட்டேன். இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலது பக்கம். பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். மலை கிடையாது, வளைவு கிடையாது, அதுதான் சிக்கல். வழியில் உள்ள பன்பரி நகரம் வரை நேர்க்கோடு, சில இடங்களில் வேக வரம்பு 110. கொண்டை ஊசியில் தூக்கம் வராது, இங்கே வரும். உயரமான வேன் என்றால் பக்கவாட்டுக் காற்று தள்ளும், பெரிய லாரி தாண்டும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் உள்ளே சுற்றி வருகிறவருக்கே முன்னுரிமை, ஆரன் அடித்து நுழையக் கூடாது.

சூரியன் மறைவதற்கு முன் முகாமுக்குப் போய்விடுங்கள். மாலையிலும் விடியலிலும் கங்காரு சாலைக்குக் குறுக்கே குதிக்கும். நம் காட்டெருமையாவது நின்று முறைக்கும், இது வெளிச்சத்தைப் பார்த்து வண்டிமேலேயே பாயும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

ஒப்பந்தத்தில் கூரைச் சேதத்தைத் தனியாகப் பாருங்கள். எங்கள் நண்பர் ஒருவர் வேனோடு மரக்கிளைக்கு அடியில் போய்விட்டார், கூரையில் ஒரு கீறல். முழுக் காப்பீடு என்று நினைத்துக்கொண்டிருந்தார், கூரை அதில் இல்லை என்று வாடகை நிறுவனம் பணத்தைப் பிடித்துக்கொண்டது. மண்சாலையும் அப்படித்தான், பெரும்பாலும் அனுமதி இல்லை. கேவ்ஸ் ரோடு முழுக்கத் தார். பென்ஷனர் ஐயா சொன்ன கரிக்காட்டின் நடுவிலேயே அது போகிறது, அதிலேயே போங்கள். உள்ளே திரும்புகிற போரனப் டிரைவ் மண்சாலை.

கழிப்பறை பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லோரும் பிறகு இதைத்தான் கேட்பார்கள். வேனுக்குள் இருப்பது கேசட் வகை. வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்தால் சூட்கேஸ் மாதிரி சக்கரத்தோடு உருவி எடுக்கலாம். டம்ப் பாயின்ட் என்கிற கழிவு கொட்டும் இடத்தில் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வேறு தொட்டியில் சேரும், அதையும் உரிய இடத்தில்தான் விட வேண்டும். பார்க்கில் பொதுக் கழிப்பறை சுத்தமாக இருக்கும், அதையே பயன்படுத்துங்கள் என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். கேசட் இரவு அவசரத்துக்கு மட்டும்.

■ குன்னூர் டீச்சர்
அம்மாவின் முட்டி?

■ பெர்த்தில் ஒரு கொடைக்கானல்காரன்
அதுதான் பெரிய கேள்வி டீச்சர். நாலு பேர் வேனில் ஒரு படுக்கை ஓட்டுநர் தலைக்கு மேலே, ஏணியில் ஏற வேண்டும். இன்னொன்று சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை போட்டுச் செய்வது. தினமும் இரவு செய்து காலையில் பிரிக்க வேண்டும். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவோம். அம்மாவுக்கு மட்டும் அதே கேரவன் பார்க்கில் ஒரு கேபின் போட்டுவிடுங்கள். மகள் பாட்டியோடு படுத்துக்கொண்டால் உங்களுக்கும் இடம் தாராளம். ஆனால் ஓடும்போது நாலு பேருக்கும் பெல்ட் உள்ள இருக்கை வேண்டும், இரண்டு பேர் வேன் எடுத்துவிடாதீர்கள்.

■ கூடலூர் வண்டி
கேபினும் எடுத்து, ஒயினுக்கு மினிபஸ்ஸும் எடுத்தால் வேன் எதற்கு அண்ணா? கார் எடுத்தால் போதாதா?

■ பெர்த்தில் ஒரு கொடைக்கானல்காரன்
நியாயமான கேள்வி. நல்ல காட்டேஜ் கடலைவிட்டு உள்ளே இருக்கும். ஹேமலின் பே கேரவன் பார்க்கிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மணலில் கால் வைத்துவிடலாம். அங்கே முட்டியளவுத் தண்ணீரில் திருக்கை மீன் கரை வரைக்கும் வரும், குழந்தை கத்துவாள். தொடக் கூடாது, வாலில் முள். அப்புறம் சமையல். மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்ன ஊர்களில் ஓட்டல் சமையலறை சீக்கிரம் மூடிவிடும், எட்டரைக்குப் போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான். அம்மா ரசம் சோறு கேட்கிற குடும்பத்துக்கு அடுப்பு கூடவே வருவது பெரிய விஷயம். எந்தக் கடற்கரையிலும் பகலில் நிறுத்தி டீ போடலாம். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். காரில் இது வராது.

இது தேவையில்லை என்று நினைக்கிறவர் கார் எடுக்கட்டும், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

■ கூடலூர் வண்டி
டீக்காக வேன் என்று சொல்லியிருந்தால் நான் முதலிலேயே ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் கேபின் போட்ட பிறகு எனக்கு மனசு ஒப்பவில்லை.

■ கட்டபெட்டு
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டோம். நாலு பேர் வேன், அம்மாவுக்கும் மகளுக்கும் கேபின். முதலில் பஸ்ஸெல்டன், கடலுக்குள் 1,841 மீட்டர் போகிற மரப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று மகள் அடம். பிறகு மார்கரெட் ரிவர் ஊரில் தங்கி ஒரு நாள் மினிபஸ்ஸில் தோட்டங்கள், இன்னொரு நாள் லேக் கேவ் குகை. கடைசியில் ஹேமலின் பே, அங்கிருந்து லூவின் முனைக் கலங்கரை விளக்கம். கான்டோஸ் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், குழிக் கழிப்பறை என்றதும் முடிவாகிவிட்டது. சரியா?

■ பெர்த்தில் ஒரு கொடைக்கானல்காரன்
லேக் கேவில் படி அதிகம், அம்மாவுக்கு ஆகாது. மாமத் கேவ் என்ற இன்னொரு குகையின் முதல் அறை வரை படியில்லாமல் போகலாம், அவரை அங்கே கூட்டிப்போங்கள். பஸ்ஸெல்டன் பாலத்தில் சின்ன ரயில் ஓடுகிறது, அம்மாவுக்கு டிக்கெட் போடுங்கள், நீங்கள் நடங்கள். மே கடைசியில் போனால் ஹேமலின் பேக்குப் பக்கத்து ஊரான அகஸ்டாவில் திமிங்கிலம் தென்பட வாய்ப்பு உண்டு, அதனால் ஹேமலின் பேயைக் கடைசியில் வைத்தது நல்லது. மழை ஜாக்கெட் கட்டாயம்.

■ குன்னூர் டீச்சர்
சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் விமானத்தில் தரும் அட்டையில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால்தான் அபராதம். அறிவித்தால் மிஞ்சிப்போனால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, விதை வேண்டாம். கோத்தகிரித் தேன் பாட்டில் தங்கைக்கு என்று வைத்திருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலத் தேனையே மேற்கு ஆஸ்திரேலியா உள்ளே விடாது, தேனீ நோய்ப் பயம்.

■ கட்டபெட்டு
இரண்டு பாட்டில் வைத்திருந்தோம் டீச்சர், எடுத்தாகிவிட்டது. வர்க்கி மட்டும் வருகிறது, அறிவித்துவிடுகிறேன். திங்கட்கிழமை ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு மனு போடுகிறேன். ஒரு வருடம்தான் செல்லுமாம். கூடலூர் அண்ணா, அடுத்த வருடம் நீங்கள் போவதாக இருந்தால் நீங்களும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.